ஹட்டனில் இருந்துகொண்டு வெளிநாட்டு கம்பெனிக்கு வேலை செய்கிறேன். டொலரில் வரும் பணத்தை வரிப் படிவத்தில் காட்ட வேண்டுமா?

கட்டாயம் காட்டுங்கள் தம்பி. டொலர் பேங்க் வழியாக வந்தால் வரி இல்லை என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அந்த விலக்கு 2025 ஏப்ரல் 1இலிருந்து இல்லை. ஆனால் பயப்படவும் வேண்டாம். வருடத்துக்கு 18 லட்சம் ரூபாய் வரை வரி கிடையாது. உங்கள் உழைப்பு 24 லட்சம் என்றால் மிச்சம் 6 லட்சத்துக்கு 6 வீதம், அதாவது 36,000 ரூபாய்தான். எவ்வளவு கூடினாலும் இந்த வருமானத்துக்கு உச்ச வீதம் 15.

பலரும் தடுமாறுவது தொகையில்தான். 500 டொலருக்குப் பில் போட்டு, கட்டணம் கழிந்து 480 கைக்கு வந்தால், வருமானம் 500. அந்த 20 செலவு. காசு வந்த நாளின் மாற்று வீதத்தில் ரூபாயாக்கி, மாதாமாதம் ஒரு எக்செல் தாளில் போட்டு வையுங்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டும் பில்லும் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம், கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை. வரி இலக்கம் எடுத்து, இறைவரித் திணைக்களத்தின் ராமிஸ் தளத்திலேயே படிவத்தை அனுப்பலாம். ஏற்கனவே கட்டியது போக மிச்ச வரியைச் செப்டம்பர் 30க்குள் கட்ட வேண்டும். படிவத்துக்கு நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது.