விடுமுறை விருந்தில் நானும் உட்கார்ந்து சாப்பிட வழி உண்டா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள், மாமியார், நாத்தனார் குடும்பம் என்று பத்துப் பேர் சாப்பாட்டுக்கு உட்காருவோம். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில்தான் நான் தட்டை எடுக்கிறேன். சுடச்சுடப் போட்டால்தான் எங்கள் வீட்டில் இறங்கும். சாப்பாடு மனசுக்கு நிறைவாகவும் இருக்க வேண்டும், செய்யச் சுலபமாகவும் இருக்க வேண்டும். முதல் நாளே செய்து வைக்கலாம் என்றால் கெட்டுப்போகும் என்று மாமியார் பயப்படுகிறார். பெரிய அளவில் செய்தால் ருசியும் ஏனோ மாறிவிடுகிறது. நாத்தனார் "நான் ஏதாவது செய்யட்டுமா அண்ணி?" என்று கேட்கும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் உட்காரச் சொல்லிவிடுகிறேன். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி

பதில்: கடிதத்தைப் படித்தால் உங்களுக்குச் சமைக்கத் தெரியும் என்பது தெரிகிறது. கையும் வேகமாகத்தான் ஓடும்போல. சிக்கல் நீங்கள் என்ன செய்வது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருக்கிறது. பண்டங்களில் காத்திருப்பவை உண்டு, காத்திருக்காதவை உண்டு. பொரித்தவை, ஆம்லெட், தவாவில் ஒவ்வொன்றாகப் போட்டு எடுப்பவை எதுவும் காத்திருக்காது. பத்து நிமிடம் ஆனால் மொறுமொறுப்பு போய்விடும், அல்லது வறண்டுவிடும். பத்துப் பேருக்கு இப்படிப்பட்ட ஒன்றை வைத்தாலே ஒரு ஆள் அடுப்படியில் நின்றாக வேண்டும். உங்கள் வீட்டில் அந்த ஆள் நீங்கள். ஆகவே விடுமுறை நாள் பட்டியலில் காத்திருக்காத பண்டம் எதுவுமே வேண்டாம் என்பேன். குழந்தைகள் அடம் பிடித்தால் ஒன்றே ஒன்று, அதுவும் வேறு யாராவது நின்று போடுவதாக இருந்தால்.

சுடச்சுட என்பதற்கும் ஒரு வார்த்தை. சூடாகச் சாப்பிட வேண்டும் என்பது நியாயம். அதற்காக அடுப்பிலிருந்து அந்த நிமிடம் இறக்கியதாக இருக்கத் தேவையில்லை. அடிகனமான பாத்திரத்தில் மூடி வைத்த குழம்பு அரை மணி கழித்தும் ஆவி பறக்கத்தான் இருக்கும். நல்ல வேளையாக, மனசுக்கு இதம் என்று நாம் தேடுகிற சாப்பாடு பெரும்பாலும் இந்த வகைதான்: குழைந்தது, கெட்டியானது, கரண்டியால் அள்ளிப் போடுவது, மெதுவாக வெந்தது.

உங்களுக்கு நான் சொல்லும் முதல் பண்டம் கோழி, வெங்காயத்தோடு நிதானமாக வெந்த கோழி. பத்துப் பேருக்கு எலும்போடு இரண்டு கிலோ வாங்குங்கள், தொடையும் காலுமாக. நெஞ்சுக்கறி வேண்டாம். அதில் கொழுப்பும் குறைவு, இணைப்புத் திசுவும் குறைவு, கொஞ்ச நேரம் கூடுதலாக வெந்தாலே சக்கையாகிவிடும். காலிலும் தொடையிலும் கொலாஜன் என்ற இணைப்புத் திசுப் புரதம் இருக்கிறது. சிறு தீயில் நேரம் கொடுத்தால் அது ஜெலட்டினாகக் கரைந்து குழம்புக்கு ஒரு வழுவழுப்பும் கனமும் தரும். கூட பத்து நிமிடம் அடுப்பில் மறந்துவிட்டாலும் ஒன்றும் ஆகாது. விருந்து நாளில் மறதியைப் பொறுத்துக்கொள்ளும் பண்டம்தான் தேவை.

துண்டுகளைத் தாளால் நன்றாக ஒற்றி ஈரம் போக்கி, உப்பு தடவி, சூடான எண்ணெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சிவக்க எடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீர் விட்டுக்கொண்டு வேகுமே தவிர சிவக்காது. காரணம் எளிது. தண்ணீர் இருக்கும் வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கறி நன்றாகச் சிவந்து மணக்க 140 டிகிரிக்குப் பக்கத்தில் வேண்டும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912-இல் விவரித்த வினை இது, இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. ரொட்டியின் மேல்தோல், வறுத்த காபிக்கொட்டை, சிவந்த கறி எல்லாவற்றிலும் வரும் அந்த வாசனைக்கு இதுவே காரணம்.

அப்புறம் வெங்காயம். பெரியதாக ஆறு, நீளவாக்கில் நறுக்கியது. "ஐந்து நிமிடம் பொன்னிறமாக வதக்கவும்" என்று எழுதும் சமையல் குறிப்புக்காரர்கள் எந்த அடுப்பில் வதக்கினார்களோ தெரியவில்லை! மிதமான தீயில் முப்பது முதல் நாற்பது நிமிடம் ஆகும். முதலில் ஒரு சிட்டிகை உப்பு போட்டதும் வெங்காயம் தண்ணீர் விடும், கண்ணாடிபோல் ஆகும், காரமான நெடி அடிக்கும். பிறகு அளவு பாதியாகச் சுருங்கும், பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டும். அதைப் பார்த்து அடிபிடித்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து மரக்கரண்டியால் சுரண்டினால் அந்தப் பழுப்பு முழுவதும் வெங்காயத்தில் ஏறிவிடும். இதையே இரண்டு மூன்று முறை செய்யுங்கள். நெடி போய் இனிப்பு வாசனை வந்ததும், விழுது மாதிரி ஆனதும் நிறுத்தலாம். இது கூடவே நின்று பார்க்கும் வேலையும் அல்ல. பக்கத்திலேயே வேறு எதையாவது நறுக்கிக்கொண்டு அவ்வப்போது கிண்டினால் போதும். முதல் நாள் மாலையே முடித்துவிடலாம்.

இதில் இஞ்சி பூண்டு விழுது, நான்கு தக்காளி, உங்கள் வீட்டு மசாலா எதுவோ அது, சிவந்த கோழி, கோழி பாதி முங்கும் அளவு தண்ணீர். மூடி போட்டு சிம்மில் முக்கால் மணி. கேரட் போடுவதென்றால் கடைசி இருபது நிமிடத்தில். காலின் நுனியில் கறி எலும்பை விட்டு மேலே ஏறியிருந்தால், கரண்டி முனையால் தொட்டதும் பிரிந்தால் வெந்துவிட்டது. முதல் நாளே செய்து பிரிட்ஜில் வைத்தால் இன்னும் இரண்டு நன்மை உண்டு. உப்பும் மசாலாவும் கறிக்குள் நன்றாக இறங்கும். மேலே கொழுப்பு தனியாக உறைந்து நிற்கும், வேண்டாமென்றால் வழித்து எடுத்துவிடலாம்.

இதற்கு உருளைக்கிழங்கு மசியல் நல்ல துணை. ஒன்றரைக் கிலோ கிழங்கைப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டுக் கொதிக்க விடுங்கள். கொதிக்கிற நீரில் போட்டால் வெளிப்புறம் கரைந்துவிடும், நடு வேகாது. வெந்ததும் வடித்து, அதே பாத்திரத்தில் ஒரு நிமிடம் ஈரம் வற்ற விட்டு, சூடான பாலும் வெண்ணெயும் சேர்த்துக் கையால் மசியுங்கள். மிக்ஸியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். கிழங்கின் ஸ்டார்ச் எல்லாம் வெளியே வந்து பசைபோல் இழுக்கும், பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை. கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் மூடி வைத்தால் ஒரு மணி நேரம் சூடாக இருக்கும்.

கறி சாப்பிடாதவர்களுக்குப் பருப்பு சூப். சிவப்பாக இருக்கும் மைசூர்ப் பருப்பு இரண்டு கப், தண்ணீர் எட்டு கப், அதே வெங்காய விழுதிலிருந்து இரண்டு பெரிய கரண்டி, கொஞ்சம் மிளகு. ஊறவைக்க வேண்டாம், இருபது இருபத்தைந்து நிமிடத்தில் கரைந்துவிடும். நுரைத்துப் பொங்கும், அதனால் பெரிய பாத்திரமாக எடுங்கள். குக்கரில் வைத்தால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பு எதுவானாலும் பருப்பு வெந்த பிறகுதான், முன்னாலேயே போட்டால் வேக நேரம் பிடிக்கும். பருப்புக்குப் பதில் ராஜ்மா போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்து வேகவிடுங்கள். குக்கரில் விசில் வந்து குழைந்தால் கவலையில்லை. குறைந்த சூட்டில் வேகும் ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடவே கூடாது. அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும்.

இனிப்புக்கு பிரெட் புட்டிங். ஒரு நாள் பழைய பிரெட்டாக இருந்தால் இன்னும் நல்லது, பாலை நன்றாக உறிஞ்சும். பன்னிரண்டு துண்டு, பால் ஒரு லிட்டர், முட்டை ஆறு, சர்க்கரை 200 கிராம். கலக்கி ஊற்றி இரவு பிரிட்ஜில் வைத்துவிட்டால் மறுநாள் எல்லோரும் சாப்பிடும் நேரத்தில் ஓவனில் 180 டிகிரியில் முக்கால் மணி. ஓவன் இல்லையென்றால் மூடிய கிண்ணத்தில் ஆவியில் வையுங்கள்.

பெரிய அளவில் செய்தால் ருசி மாறுகிறது என்றீர்கள். நான்கு பேருக்கான குறிப்பை அப்படியே இரண்டரை மடங்கு ஆக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கறியையும் காயையும் அப்படி ஆக்கலாம், தண்ணீரை ஆக்கக் கூடாது. ஆவியாகப் போவது பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது, உள்ளே இருக்கும் அளவைப் பொறுத்தது அல்ல. அதனால் பெரிய பாத்திரத்தில் குழம்பு நீர்த்துப்போகும், அதைச் சுண்டவைக்கப் போய் உப்பு தூக்கிவிடும். தண்ணீரை முக்கால் பங்காகக் குறைத்துத் தொடங்குங்கள், தேவைப்பட்டால் கடைசியில் விடலாம். உப்பும் காரமும்கூட முதலில் முக்கால் பங்குதான். மிச்சத்தை இறக்கும்போது ருசி பார்த்துச் சேருங்கள்.

இனி மாமியாரின் பயம். அவர் சொல்வதை ஒதுக்க வேண்டாம், அதில் விஷயம் இருக்கிறது. சமைத்ததை இரவு முழுக்க அடுப்பு மேடையிலேயே மூடி வைத்துவிட்டு மறுநாள் சூடாக்குவது உண்மையிலேயே ஆபத்து. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். பெரிய பாத்திரத்தை அப்படியே பிரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்கில் ஆகும். அகலமான, ஆழம் குறைந்த இரண்டு மூன்று டப்பாக்களில் பிரித்து, ஆவி அடங்கியதும் உள்ளே வைத்துவிடுங்கள். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்து, நடுவிலும் தளதளவென்று கொதிக்கும் வரை சூடாக்குங்கள். வெதுவெதுப்பாக்கிப் பரிமாறக் கூடாது. ஒருமுறை சூடாக்கி மிஞ்சியதைத் திரும்பத் திரும்பச் சூடாக்கவும் வேண்டாம்.

சோற்றை மட்டும் அன்றைக்கே வையுங்கள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கவைத்தாலும் சாகாது. சோறு வெளியிலேயே ஆறிக் கிடந்தால் அவை பெருகி ஒரு நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இதை மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். முதல் நாள் கோழிக்கும் அவர் சம்மதித்துவிடுவார் என்று தோன்றுகிறது, அவர் பயத்தை நீங்கள் மதித்திருக்கிறீர்கள் என்று தெரியுமே.

வாரநாட்களுக்கும் இதே வேலை உதவும். வெங்காய விழுதை எப்போதும் இரட்டிப்பாகச் செய்து, ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். அலுவலகம் விட்டு வந்த மாலையில் பருப்போ முட்டையோ மீதியைப் பார்த்துக்கொள்ளும். பருப்பு சூப்பும் ஃப்ரீசரில் நன்றாக இருக்கும். குழம்பில் கிடக்கும் உருளைக்கிழங்குத் துண்டு இருக்காது, உருக்கினால் பஞ்சுபோல் நறநறவென்று ஆகிவிடும். கோழியில் கிழங்கைச் சேர்க்கச் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக, நாத்தனார். அவர் உபசாரத்துக்குக் கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். "ஏதாவது செய்யட்டுமா" என்பதற்கு "ஏதாவது செய்" என்று பதில் சொல்ல முடியாதுதான், அதனால் முன்கூட்டியே ஒரு வேலையைக் கையில் வைத்திருங்கள். ஆரம்பமும் முடிவும் உள்ள வேலையாக, உங்களைக் கேட்டுக்கேட்டுச் செய்யத் தேவையில்லாததாக இருக்க வேண்டும். கிழங்கு மசிப்பது சரியாக இருக்கும். வெள்ளரியும் தக்காளியும் நறுக்கி சாலட் செய்வதும் அப்படித்தான். இன்னும் நல்லது, புட்டிங்கை அவர் வீட்டிலிருந்தே செய்து கொண்டுவரச் சொல்வது. பரிமாறும்போது பாத்திரங்களை நடுவில் வைத்து அவரவரே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், மாமியாருக்கு மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் வையுங்கள். பாத்திரம் கழுவும் வேலையை மட்டும் நாத்தனாரிடம் கொடுத்துவிடாதீர்கள். அது உங்கள் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் உரியது.