"எப்ப தோத்துட்டு வருவீங்கப்பா?"

கேள்வி: நான் தொழில்முறை நைன்-பால் (மேசையில் கோலால் பந்துகளைப் பாக்கெட்டில் தள்ளும் பூல் ஆட்டம்) ஆட்டக்காரன். வயது 36. போட்டிகள் இல்லாத நாட்களில் பயிற்சி கொடுக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் என் பெற்றோர், அண்ணன் குடும்பம், நாங்கள் என்று எல்லோரும் ஒரு வாரம் எங்காவது சேர்ந்து போய்த் தங்குவோம். போட்டி குறுக்கே வந்ததால் கடந்த இரண்டு ஆண்டுகளும் நான் மட்டும் போகவில்லை. இந்த ஆண்டும் அதே வாரத்தில் 128 பேர் ஆடும் ஓப்பன் போட்டி ஒன்று. பதிவு செய்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள். ஒன்பது வயது மகள், "எப்ப தோத்துட்டு வருவீங்கப்பா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். போட்டி நடக்கும் ஊருக்கே குடும்பத்தைக் கூட்டிப் போய் இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரிவருமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சரிவராது. நான் அதைச் செய்து பார்த்தவள்.

என் கணவர் பதினோரு ஆண்டுகள் இந்த மேசைகளைச் சுற்றி வந்தவர். ஒரு வருடம் நாங்களும் உங்களைப் போலவே கணக்குப் போட்டு, போட்டி நடந்த விடுதியிலேயே அறை எடுத்தோம். கீழே மேசைகள், மேலே நானும் இரண்டு பிள்ளைகளும். முதல் நாள் ஒரு ஆட்டம் தோற்றிருந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு ஆட்டம் என்றார்கள். முந்தைய ஆட்டம் இழுத்துக்கொண்டே போனதால் தொடங்கும்போது பன்னிரண்டே கால். ஜெயித்துவிட்டு மேலே ஓடி வந்து, "சாயங்காலம்தான் அடுத்தது, வாங்க நீச்சல் குளத்துக்குப் போகலாம்" என்றார். பிள்ளைகள் உடுப்பு மாற்றி முடிப்பதற்குள் தொலைபேசி. சீக்கிரம் வரச் சொன்னார்கள். அப்புறம் அதுவும் தள்ளிப்போய், மேசைக்குப் பக்கத்திலேயே காத்திருந்தார். பிள்ளைகள் நீச்சல் உடுப்போடு கட்டிலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரி ஒன்பதரைக்கு 8-8 என்று கடைசி ரேக் (ஆட்டத்துக்குள் ஒரு சுற்று) வரை போய்த் தோற்றார். ரேக்கை முடித்துவைக்கும் ஒன்பதாம் பந்து பாக்கெட்டின் வாயில் ஆடிவிட்டு நின்றுவிட்டது. அறைக்கு வந்து "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றதும் எங்கள் பெரியவன் கட்டில் மேல் எகிறிக் குதித்து, "ஹையா, அப்பா தோத்துட்டாரு!" என்று கத்தினான். அவன்மேல் குற்றமே இல்லை. இரண்டு நாளாகக் கிடைக்காத அப்பா அவனுக்குக் கிடைத்துவிட்டார். என் கணவர் அவனைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போனார். வெகுநேரம் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அதனால்தான் உங்கள் மகளின் கேள்வியைத் தாண்டி என்னால் உடனே மேலே படிக்க முடியவில்லை. நீங்கள் சிரித்ததைத் தப்பு சொல்லவில்லை, நாங்களும் அன்றைக்குச் சிரித்தவர்கள்தான். ஆனால் அந்தக் குழந்தை எப்படி அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தாள் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் ஆட்டத்தின் அமைப்பையே அவள் சரியாகப் புரிந்து வைத்திருக்கிறாள்.

128 பேர் ஆடும் போட்டியில் பெரும்பாலும் 64 பேராகக் குறையும் வரை டபுள் எலிமினேஷன். முதல் தோல்வி உங்களை, ஒருமுறை தோற்றவர்கள் தங்களுக்குள் ஆடும் லூசர்ஸ் சைடுக்குத் தள்ளும், இரண்டாவது தோல்வி வீட்டுக்கு அனுப்பும். அப்படியென்றால் வந்தவர்களில் சரிபாதிப் பேர் இரண்டு அல்லது மூன்று ஆட்டத்தோடு பெட்டியைக் கட்டிவிடுவார்கள். மீதிப் பாதிக்கு அதற்கப்புறம் ஒரே தோல்வியில் எல்லாம் முடிந்துவிடும். கோப்பை வரை போக இன்னும் ஆறு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். ஆக, நீங்கள் இரண்டாம் நாள் ராத்திரியும் வீட்டுக்கு வரலாம், ஆறாம் நாள் ராத்திரியும் வரலாம். மற்ற வேலைகளில் வெளியூர் போகிற அப்பா புறப்படும்போதே திரும்பும் தேதியைச் சொல்லிவிடுகிறார். உங்களால் சொல்ல முடிவதில்லை. "பார்க்கலாம்மா, எப்படிப் போகுதுன்னு" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அந்தப் "பார்க்கலாம்" என்ன என்பதைக் குழந்தை கண்டுபிடித்துவிட்டாள். அப்பா தோற்றால் சீக்கிரம் வருவார். அவள் உங்களை நேசிப்பதால்தான் நீங்கள் தோற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். அவ்வளவு பெரிய பாரத்தை ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது, தம்பி.

இதை மாற்றுவது கஷ்டமில்லை. இனி எந்தப் போட்டிக்குப் போனாலும், இறுதி ஆட்டம் முடிந்த மறுநாளைத் திரும்பும் நாளாகச் சொல்லுங்கள். "திங்கள் காலை அப்பா இருப்பேன். திங்கள் சாயங்காலம் நாம ரெண்டு பேரும் வெளியே போறோம்." செவ்வாய்க்கிழமையே தோற்றுப்போனால் நேராக வீட்டுக்கு வாருங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் சொன்ன அந்தத் திங்கள் சாயங்காலத்தை மாற்றாதீர்கள், முன்னால் இழுக்கவும் வேண்டாம். கோப்பையோடு வந்தாலும் வெறுங்கையோடு வந்தாலும் அவளுக்கு உரியது அதே நாளில் கிடைக்கட்டும். இரண்டு மூன்று போட்டிகள் இப்படிப் போனால் அவளே "ஜெயிச்சிட்டு வாங்கப்பா" என்று சொல்ல ஆரம்பித்துவிடுவாள். என் பெரியவன் சொன்னான்.

குடும்பத்தைப் போட்டி ஊருக்குக் கூட்டிப் போக ஆசையா? இறுதி ஆட்டம் முடிந்த மறுநாள் அவர்கள் வந்து சேரும்படி டிக்கெட் எடுங்கள். விடுமுறை அன்றைக்குத் தொடங்கட்டும். நீங்கள் முன்னாலேயே வெளியேறிவிட்டால் நடுவில் கிடைக்கும் நாட்கள் உங்களுக்கே தேவைப்படும். கடைசி ரேக்கில் தோற்றவன் உடனே பிள்ளையோடு மணல் வீடு கட்ட உட்கார முடியாது. முடியும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

சரி, இந்த வாரத்துக்கு வருவோம். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்தப் போட்டியை விட்டுவிடுங்கள்.

உங்கள் ஆட்டத்தைச் சின்னதாக நினைத்து இதைச் சொல்லவில்லை. மேசைதான் உங்கள் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது என்பது எனக்குத் தெரியும். சில அழைப்புகள் வந்தால் எந்த விடுமுறையாக இருந்தாலும் போகத்தான் வேண்டும். அமெரிக்க அணியும் ஐரோப்பிய அணியும் ஆண்டுதோறும் மோதும் மோஸ்கோனி கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். 1994 டிசம்பரில் இங்கிலாந்தின் ராம்ஃபோர்டில் தொடங்கிய நாளிலிருந்து அது ஆண்டின் கடைசி வாரங்களை ஒட்டியே வருகிறது. 2019-இல் லாஸ் வேகஸில் நவம்பர் 25 முதல் 28 வரை நடந்தது. அந்த 28-ஆம் தேதி அமெரிக்காவின் நன்றி நவிலல் நாள், அங்கே ஊரெல்லாம் குடும்பமாகக் கூடி உட்காரும் நாள். அமெரிக்க அணி அன்றைக்கு மேசையில்தான் நின்றது, 11-8 என்று ஜெயித்தது. அணிக்கு ஐந்தே பேர். ஒருவர் வரவில்லை என்றால் மற்ற நான்கு பேரும் சேர்ந்து பாதிக்கப்படுவார்கள். அந்த ஐந்தில் ஒருவராக உங்களைக் கூப்பிட்டிருந்தால், போங்கள், நான் வீட்டில் பேசிக்கொள்கிறேன் என்றே எழுதியிருப்பேன்.

உங்களுக்கு வந்திருப்பது அந்த மாதிரி அழைப்பு இல்லை. ஓப்பன் போட்டி. உங்கள் இடத்தில் இன்னொருவர் ஆடுவார், போட்டி நடக்கும். அடுத்த ஓப்பனில் நீங்கள் ஆடுவீர்கள். அந்த வாரமோ ஏற்கெனவே இரண்டு முறை உங்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. உங்கள் பெற்றோரின் வயதை நீங்கள் எழுதவில்லை. எத்தனை என்று உங்களுக்குத் தெரியும்.

பணத்தைப் பற்றி உங்கள் மனசில் ஒரு குரல் பேசும். பேசட்டும், ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். நுழைவுக் கட்டணம், பயணம், தங்கும் செலவு, அந்த வாரம் விட்டுப்போகும் பயிற்சி வகுப்புகள் எல்லாவற்றையும் கூட்டுங்கள். இதுபோன்ற போட்டிகளில் நீங்கள் வழக்கமாக எட்டும் சுற்றுக்கு என்ன பரிசு என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். என் கணவரும் நானும் பல வருடம் கழித்துத்தான் இப்படி எழுதிப் பார்த்தோம். கைக்காசு போட்டு ஆடிய போட்டிகள்தான் அதிகம். நல்ல ஆட்டக்காரர்களுக்கும் இதுதான் நிலைமை, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் "குடும்பத்துக்காகத்தானே போகிறேன்" என்று சொல்வதற்கு முன்னால் அந்தத் தாளைப் பார்த்துவிடுங்கள்.

விலகுவதாக இருந்தால் இன்றே எழுதுங்கள். யாரோடு யார் ஆடுவது என்று டிரா போடுவதற்கு முன்னால் சொன்னால் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு இடம் கிடைக்கும், கட்டணத்தில் கொஞ்சமாவது திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு. டிரா போட்டபின் வராமல் போனால் எதிராளிக்கு ஆடாத வெற்றி, உங்களுக்குக் கெட்ட பெயர்.

அடுத்த வருடம் தேதி மோதாது என்று மட்டும் நம்பாதீர்கள். மண்டபம் கிடைக்க வேண்டும், ஒளிபரப்புக்கு நேரம் கிடைக்க வேண்டும், பார்வையாளருக்கு விடுமுறை இருக்க வேண்டும். உங்கள் பிள்ளைக்குப் பள்ளி இல்லாத நாள்தான் ரசிகரின் பிள்ளைக்கும். தேதி ஓரிடத்தில் நிற்பதும் கிடையாது. நம் ஆட்டத்தின் யூ.எஸ். ஓப்பனையே பாருங்கள், 2019-இல் ஏப்ரல், 2021-இல் செப்டம்பர், 2022-இல் அக்டோபர், 2024-இல் ஆகஸ்ட். உலக சாம்பியன்ஷிப் 2023-இல் போலந்தின் கியெல்ட்சேயில் பிப்ரவரியில் நடந்தது, அடுத்த ஆண்டு சவுதி அரேபியாவின் ஜெத்தாவில் ஜூனில். ஆகவே குடும்ப வாரத்தை முதலில் காலண்டரில் எழுதுங்கள். அண்ணனையும் கூட்டி வைத்துப் பேசுங்கள். வருடத்தில் ஒரே ஒரு போட்டிக்கு மட்டும், "இது அந்த வாரத்தில் வந்தால் நாம் வாரத்தை மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். எது அந்த ஒன்று என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். அதை முன்கூட்டியே கேட்டால் வீட்டில் யாரும் மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். பதிவு செய்துவிட்டு வந்து அறிவிப்பதுதான் வலிக்கிறது.

இங்கேதான் உங்கள் மனைவி சொன்ன "போயிட்டு வாங்க" வருகிறது. நானும் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். சில சமயம் மனதார. சில சமயம் எல்லாம் முடிவான பிறகு சொல்ல வேறு வார்த்தை இல்லாததால். இரண்டும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். நீங்கள் அவரிடம் கேட்டீர்களா, சொன்னீர்களா? கடிதத்தில் "சொன்னேன்" என்றுதான் இருக்கிறது. இரண்டு வருடமும் மாமியார், மாமனார், கொழுந்தனார் குடும்பம் என்று அத்தனை பேர் நடுவில், நீங்கள் இல்லாமல் பிள்ளையோடு அந்த வாரத்தை ஓட்டியவர் அவர். "அவன் வரலியா?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னவரும் அவர்தான்.

குடும்பத்தோடு போகும்போது ஆட்டக் கோலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஒரு வாரத்தில் கை மறந்துவிடாது. திரும்பி வந்த முதல் நாள் பந்து கொஞ்சம் அடம்பிடிக்கும், மூன்றாம் நாள் சரியாகிவிடும்.

விலகல் கடிதத்தை அனுப்பியதும் மகளிடம் ஓடாதீர்கள். அவள் துள்ளுவதைப் பார்க்கும் ஆசை இருக்கும், தெரியும். முதலில் மனைவியிடம் போய் உட்காருங்கள். அந்த இரண்டு வருடமும் எப்படி இருந்தது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். மகளிடம் அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா