'ஜாபர்' என்பவர் தரகரா, கூலியாளா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தொழிலாளர் தொடர்பான பழைய ஆங்கில அறிக்கைகளை மொழிபெயர்த்து வருகிறேன். அவற்றில் 'ஜாபர்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. ஓர் அகராதி 'இடைத்தரகர்' என்கிறது. இன்னொன்று 'சில்லறை வேலை செய்பவர்' என்கிறது. பிறரை வைத்துப் பிழைப்பவருக்கும், அன்றாடம் கைவேலை செய்து பிழைப்பவருக்கும் எப்படி ஒரே சொல் அமைந்தது?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: இன்று 'ஜாப்' என்றதும் மாதச் சம்பளமும் நிலையான உத்தியோகமும் நம் நினைவுக்கு வருகின்றன. இது பிற்காலத்தில் ஏறிய பொருள். பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அச்சொல் ஒரு துண்டு வேலையைக் குறித்தது. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுக் கூலியைப் பெற்றுக்கொண்டு போக வேண்டியதுதான். நாளைக்கும் வேலை உண்டு என்ற உறுதியை யாரும் தருவதில்லை. அப்படிக் கிடைத்த வேலையை எடுத்துச் செய்தவர் ஜாபர். அதே முறையில், நிலையான கடையோ தொடர்ந்த வாடிக்கையோ இல்லாமல், கிடைத்த சரக்கை வாங்கி லாபத்துக்குக் கைமாற்றி விட்டவரும் ஜாபர் எனப்பட்டார். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியிலேயே இவ்விரு பொருள்களும் அடுத்தடுத்து இடம்பெற்றுள்ளன: ஒன்று, அரசுக் கடன்பத்திரங்களை விற்பவர், மற்றொன்று, வாய்த்த வேலையைச் செய்பவர்.

ஆகவே அகராதிகள் முரண்படவில்லை. நீங்கள் மொழிபெயர்க்கும் அறிக்கை எந்த ஊரின் எந்தத் தொழிலைப் பற்றியது என்று பார்த்தால் பொருள் தெளிவாகிவிடும். தோட்டக்காரர், கொத்தனார், தச்சர் ஆகியோருக்கு முன்னால் 'ஜாபிங்' என்று வந்தால், ஒரே முதலாளியிடம் நிலைத்திராமல் வீடு வீடாகவோ இடம் இடமாகவோ வேலை எடுத்துச் செய்பவர் என்று கொள்ள வேண்டும். அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், துண்டறிக்கை ஆகியவற்றை ஜாப் வேலை என்று புத்தக வேலையிலிருந்து பிரித்துச் சொல்வதும் இந்தப் பொருளில்தான்.

கேள்வி: பங்குச் சந்தையில் புரோக்கர், ஜாபர் ஆகிய இருவரையுமே தமிழில் 'தரகர்' என்று எழுதுகிறார்கள். இது சரியா?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: சரியில்லை என்பதே என் உறுதியான கருத்து. தரகர் பொருளுக்குச் சொந்தக்காரர் அல்லர். வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைத்துத் தரகுக் கூலி பெறுபவர். லண்டன் பங்குச் சந்தையின் ஜாபர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுப் பங்குகளை வாங்கித் தன் கையில் வைத்திருந்து விற்றவர். அவர் ஒரே மூச்சில் இரண்டு விலைகளைச் சொல்வார். வாங்கும் விலை 100 என்றும் விற்கும் விலை 102 என்றும் அவர் சொன்னால், இடையிலுள்ள 2தான் அவருடைய வருமானம். வாங்கி வைத்த பங்கின் விலை இறங்கிவிட்டால் நட்டமும் அவருடையதே. பொதுமக்கள் அவரிடம் நேரடியாகப் போக முடியாது. அவர்கள் புரோக்கரிடம் சொல்ல, புரோக்கர் பல ஜாபர்களிடம் விலை கேட்டு, தம் வாடிக்கையாளருக்கு நல்லதாகப்பட்ட விலையில் முடித்துத் தருவார். ஒருவரே இரண்டு வேலைகளையும் பார்க்கக் கூடாது என்ற இந்தப் பிரிவினை 1986 அக்டோபர் 27 அன்று, 'பிக் பேங்' எனப்படும் சீர்திருத்தத்தோடு முடிவுக்கு வந்தது.

இச்சொல்லுக்கு ஒரு பழிச்சுவை இருந்ததையும் மொழிபெயர்ப்பாளர் அறிந்திருக்க வேண்டும். புரோக்கர்களின், பங்கு ஜாபர்களின் தீய வழக்கங்களைத் தடுப்பதற்கென்றே இங்கிலாந்து நாடாளுமன்றம் 1697இல் ஒரு சட்டம் இயற்றியது; 1734இல் இன்னும் கடுமையான சட்டம் வந்து, 1860இல்தான் நீக்கப்பட்டது. ஜான்சனும் 'பங்கு ஜாபர்' என்பதற்குப் பொருள் எழுதும்போது, பங்குகளை வாங்கி விற்றுப் பணம் பண்ணும் இழிந்தவன் என்றே எழுதினார். எனவே பதினெட்டாம் நூற்றாண்டு நூலில் இச்சொல் வந்தால், அது வசையாகவும் இருக்கலாம் என்று எண்ணிப் பார்த்த பிறகே மொழிபெயர்க்க வேண்டும். இன்றைய இந்தியச் சந்தையிலோ, சிறு விலை வேறுபாட்டுக்காக ஒரே நாளில் பலமுறை வாங்கி விற்பதை 'ஜாபிங்' என்கிறார்கள். அதில் பழி ஏதும் இல்லை.

கேள்வி: மும்பைப் பஞ்சாலைகளின் வரலாற்றில் வரும் ஜாபரை 'மேஸ்திரி' என்று மொழிபெயர்த்தால் போதாதா?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: பொருளில் மிக நெருங்கிய சொல் அதுதான். சென்னை மாகாணத்தில் மேஸ்திரி, வங்காளத்துச் சணல் ஆலைகளில் சர்தார், இலங்கை, மலேயாத் தோட்டங்களில் கங்காணி என்று வெவ்வேறு பெயர்களில் வழங்கப்பட்டவர்கள், ஆள் பிடித்துத் தந்து அந்த ஆட்களை மேய்க்கும் ஒரே வகையான வேலையையே பார்த்தார்கள். ஆனாலும் மும்பை ஜாபரின் கையில் குவிந்திருந்த அதிகாரத்தை விளக்காமல் 'மேஸ்திரி' என்று மட்டும் எழுதிவிட்டால், கட்டட வேலையின் மேற்பார்வையாளரைப் போன்ற ஒருவரை நம் வாசகர் கற்பனை செய்துகொள்வார்.

1850களில் தொடங்கிய மும்பை ஆலைத் தொழிலில், ஆளை வேலைக்கு எடுப்பது, வேலை கற்றுத் தருவது, இயந்திரம் ஓடும்படி பார்த்துக்கொள்வது, விடுப்புத் தருவது, வேலையை விட்டு அனுப்புவது ஆகிய அனைத்தும் ஜாபரிடமே இருந்தன. ஆலைக்கு வெளியேயும் அவர் பிடி தளரவில்லை. கிராமத்திலிருந்து வந்த இளைஞனுக்குத் தங்க இடம் பார்த்துத் தருவதும், சம்பளம் வரும் வரை மளிகைக் கடையில் கடனுக்குச் சொல்லி வைப்பதும், சில வேளைகளில் வட்டிக்குப் பணம் தருவதும் அவரே. இதற்கெல்லாம் ஈடாகத் தொழிலாளி 'தஸ்தூரி' என்ற பெயரில் ஒரு தொகையைத் தர வேண்டியிருந்தது. வேலை கிடைக்கும்போது ஒரு முறை தந்தால் போதாது. வேலை நிலைக்க வேண்டுமானால் மறுபடியும் தர வேண்டும். பெண்கள் வேலை செய்த பிரிவுகளில் 'நாய்க்கின்' என்ற பெண் மேற்பார்வையாளர் இதே இடத்தை வகித்தார்.

இத்தனை அதிகாரத்தை ஆலை முதலாளிகள் ஏன் ஒருவரிடம் விட்டுவைத்தார்கள்? நூலுக்கும் துணிக்கும் தேவை ஏறியும் இறங்கியும் வந்ததால், வேலை மிகுந்த நாளில் ஆட்களைக் கூட்டவும், குறைந்த நாளில் எந்தப் பொறுப்பும் இல்லாமல் அவர்களை அனுப்பிவிடவும் ஆலைகளுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. நிரந்தரமற்ற அந்தக் கூட்டமே 'பத்லி' எனப்பட்ட பதிலித் தொழிலாளர்கள். அவர்கள் காலையில் ஆலை வாசலில் வந்து நிற்பார்கள். வராதவர்களின் இடத்துக்குத் தேவையானவர்களை ஜாபர் பொறுக்கி எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் அன்றைய கூலியில்லாமல் திரும்பிப் போவார்கள். வாசலில் நிற்பவர்களில் யாரை உள்ளே விடுவது என்பதை ஒருவரே முடிவு செய்ததுதான் தஸ்தூரி என்ற வழக்கத்துக்கு உயிர் கொடுத்தது. இடைத்தரகர், அன்றாடக் கூலியாளர் என்று அகராதி பிரித்துக் காட்டும் இருவரும் இந்த ஆலை வாசலில் எதிரெதிரே நின்றார்கள். கூலியாளரின் நிச்சயமின்மையே இடைநின்றவரின் முதலாக இருந்தது. இதை வெறும் நிர்வாக ஏற்பாடு என்று எழுதிச் செல்லும் நூல்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

ஜாபரைக் கொடியவராக மட்டும் காட்டுவதும் பிழையாகிவிடும். அவரும் தம் ஆட்களை நம்பியே இருந்தார். அவர்கள் கலைந்து போனால் ஆலையில் அவருக்கு மதிப்பில்லை. அதனால் வேலைநிறுத்தங்களை உடைத்த ஜாபர்களும் உண்டு, முன்னின்று நடத்திய ஜாபர்களும் உண்டு. 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த விட்லி தலைமையிலான அரச தொழிலாளர் ஆணையம், ஆள் எடுக்கும் அதிகாரத்தையும் நீக்கும் அதிகாரத்தையும் ஜாபரிடமிருந்து எடுத்து, அதற்கெனத் தொழிலாளர் நல அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1930களில் பதிலித் தொழிலாளர்களைப் பதிவு செய்யும் முறையும் வந்தது. ஆனால் பத்லி என்ற நிலை மறையவில்லை. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் மும்பை ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய மாபெரும் வேலைநிறுத்தத்தின்போதும், பதிலிகளை நிரந்தரமாக்குவது ஒரு கோரிக்கையாக இருந்தது.

உங்கள் மொழிபெயர்ப்பில் 'ஜாபர்' என்றே வைத்து, முதல் முறை வரும் இடத்தில் 'ஆள் சேர்க்கும் ஆலை மேஸ்திரி' என்று விளக்கிவிடுவது நல்லது. கோவைப் பகுதி ஆலைகளின் இன்றைய விளம்பரங்களில் வரும் ஜாபர், இயந்திரங்களைச் சரிசெய்து பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளர். அவரை இவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: திருப்பூரில் 'ஜாப் ஒர்க்' என்கிறோமே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– வாசகி ஒருவர், பல்லடம்

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. சொல்லின் மிகப் பழைய பொருளான துண்டு வேலை இங்கேதான் உயிரோடு இருக்கிறது. சாயமிடுதல், காஜா, பட்டன், எம்ப்ராய்டரி என ஒவ்வொரு கட்டத்தையும் வெளியே கொடுத்துச் செய்விக்கும்போது, துணி ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டமும், பதிவு பெற்ற இன்னொருவருக்குச் சொந்தமான பொருளின் மீது செய்யப்படும் பணி என்றே ஜாப் ஒர்க்கை வரையறுக்கிறது. உங்கள் பக்கத்தில் பாவு நூலைப் பெற்றுக்கொண்டு கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறியாளர்களும் இதே நிலையில் இருப்பவர்கள். தறி அவர்களுடையது, மின் கட்டணம் அவர்களுடையது. ஆனால் நூலும் துணியும் சந்தையும் வேறொருவர் கையில் இருப்பதால், ஒப்புக்கொண்ட கூலி உயர்வைப் பெறுவதற்குக்கூட அவர்கள் தறிகளை நிறுத்திப் போராட வேண்டியிருக்கிறது. 'சிறுதொழில் முனைவோர்' என்று பட்டியலில் எழுதப்பட்டாலும், கூலியைத் தாமே முடிவு செய்ய முடியாதவரை அவர்கள் கூலியாளர்களே என்பது என் கருத்து.

கேள்வி: அமெரிக்கச் செய்திகளில் பெட்ரோல் விலையைப் பற்றி வரும் 'ஜாபர்' யார்?
– வாசகர் ஒருவர், சென்னை

பதில்: சுத்திகரிப்பு நிறுவனங்களிடம் எரிபொருளை மொத்தமாக வாங்கி, பெட்ரோல் நிலையங்களுக்கும் பண்ணைகளுக்கும் கொண்டுபோய் விற்கும் வணிகர். சரக்கு அவருடைய சொந்தச் சரக்கு என்பதால் 'மொத்த விநியோகஸ்தர்' என்று எழுதலாம். இங்கும் தரகர் என்று எழுதக் கூடாது.