இரு ஆண் நண்பர்கள் காதலர்களாகும் பழைய ஆங்கில நாவல்களில் மகிழ்ச்சியாக முடிவது ஏதேனும் உண்டா?

உண்டு. இ. எம். ஃபார்ஸ்டரின் 'மாரிஸ்'. 1913, 1914 ஆண்டுகளில் எழுதினார். அச்சேறியதோ அவர் மறைந்த மறு ஆண்டு, 1971இல். ஆண்களுக்கிடையிலான உறவு இங்கிலாந்தில் 1967 வரை குற்றம். கதை தூக்குக் கயிற்றில் முடிந்திருந்தால் வெளியிடுவதில் சிக்கலே இருந்திருக்காது என்று நாவலின் பின்குறிப்பில் கசப்போடு சொல்லியிருக்கிறார்.

மாரிஸும் கிளைவும் கேம்பிரிட்ஜில் நண்பர்கள். ஆண்களுக்கிடையிலான காதலையும் பேசும் பிளேட்டோவின் 'சிம்போசியம்' என்ற பழைய கிரேக்க நூலை விடுமுறையில் படிக்கும்படி கிளைவ் சொல்கிறான். திரும்பி வந்ததும் காதலைச் சொல்லிவிடுகிறான். மாரிஸ் அதிர்ந்துபோய்க் கடிந்துகொள்கிறான். நட்பு அறுகிறது. பிறகு பல நாள் தன்னோடு போராடிவிட்டு, ஓர் இரவு ஜன்னல் வழியாக ஏறி நண்பனின் அறைக்குள் போகிறான். எனக்கு நாவலின் உச்சம் இதுதான். நண்பனை இழந்த துக்கம் எது, காதல் எது என்று அவனுக்கே பிரித்தறிய முடிவதில்லை.

ஆனால் கிளைவ் பின்வாங்கி ஒரு பெண்ணை மணந்துகொள்கிறான். அந்த மகிழ்ச்சியான முடிவு மாரிஸுக்கு வாய்ப்பது வேட்டைக் காவலாளி அலெக்குடன். அது கொஞ்சம் அவசரமாகவே நடந்துவிடுகிறது. நட்பு காதலாகும் இடத்தைத்தான் தேடுகிறீர்கள் என்றால் முதல் பாதியை நிதானமாகப் படியுங்கள்.