தோற்றவருக்கும் ஒரு புள்ளி

கேள்வி: ஐஸ் ஹாக்கியில் ஆட்டம் சமமானால், வட அமெரிக்காவின் என்.எச்.எல். போட்டியின் லீக் சுற்றில் ஐந்தே நிமிடம் கூடுதலாக (ஓவர்டைம்) ஆடவிட்டு, அதற்கும் மசியாவிட்டால், ஒவ்வொருவராகக் கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து அடிக்கும் ஷூட்-அவுட் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். அதுவே பிளே-ஆஃப் என்றால் கோல் விழும்வரை விடிய விடிய ஆட வேண்டுமாம். ஒரே விளையாட்டுக்கு இரண்டு நியாயமா? ஓவர்டைமில் தோற்ற அணிக்கும் புள்ளி தருவது எந்த ஊர் நீதி?

பதில்: உங்கள் கோபத்தில் முதல் பாதி வீண். இரண்டாவது பாதிக்கு நானும் உங்கள் கட்சி.

லீக் சுற்றில் ஓர் அணி எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடுகிறது. இன்று ஓர் ஊர், நாளை வேறு ஊர். அங்கே ஆட்டத்தை எப்படியாவது முடித்தாக வேண்டும். 1942-ல் போர்க்கால ரயிலைத் தவறவிடக்கூடாது என்று லீக் ஆட்டங்களில் ஓவர்டைமையே தூக்கிவிட்டார்கள். போர் மூன்றே ஆண்டில் ஓய்ந்தது; ஓவர்டைம் திரும்பி வர 1983 ஆயிற்று! பிளே-ஆஃபில் அந்த அவசரம் இல்லை. யாராவது ஒருவர் மூட்டை கட்டியே தீர வேண்டும். அதனால் கோல்கீப்பர் நீங்கலாக ஐவருக்கு ஐவர், இருபது இருபது நிமிடமாக, முதல் கோல் விழும்வரை. 1936 மார்ச் 24 அன்று மான்ட்ரியலில் டெட்ராய்ட் ரெட் விங்ஸும் மான்ட்ரியல் மரூன்ஸும் வழக்கமான 60 நிமிடத்தில் ஒரு கோல்கூட அடிக்காமல், ஆறாவது ஓவர்டைம் வரை இழுத்தார்கள். மட் புரூனெட்டோ என்ற புதுமுகம் அந்த ஒரே கோலைப் போட்டபோது கூடுதல் ஆட்டமே 116 நிமிடம் 30 நொடி. மணி நள்ளிரவு இரண்டைத் தாண்டியிருந்தது. இதை லீக் சுற்றிலும் கேட்கிறீர்களா?

லீக் ஓவர்டைமில் 2015 முதல் மூவருக்கு மூவர். 200 அடி நீளப் பனித்தளத்தில் பக்கத்துக்கு மூன்றே பேர் என்றால் எவ்வளவு வெட்டவெளி என்று பாருங்கள். ஒரு பாஸ் தவறினால் போதும், எதிரணியில் இருவர் பாய்ந்துவர, தடுக்க ஒருவர்தான் இருப்பார். போதாக்குறைக்கு, முனை மாறி ஆடுவதால், மாற்று ஆட்கள் உட்காரும் சொந்த பெஞ்ச் தற்காக்கும் வலையிலிருந்து தூரத்தில் இருக்கும். தற்காக்கும் பக்கத்தில் மாட்டிக்கொண்டவர், கால் ஓய்ந்தாலும் அதுவரை போய் ஆள் மாற்றிக்கொள்ள முடியாது. தவறு செய்தவரை வெளியே உட்கார வைத்தாலும் அவருடைய அணி இரண்டு பேராகக் குறைவதில்லை. எதிரணிக்கு நான்காவது ஆள் கிடைக்கிறார். எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனால் பயிற்சியாளர்கள் சும்மா இருப்பார்களா? பக் என்ற ரப்பர் வட்டைத் தங்கள் வசமே வைத்துக்கொண்டு பின்னால் போய், வட்டமடித்து, எதிராளி களைக்கும்வரை காத்திருக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

ஷூட்-அவுட் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. 1998 நகானோ ஒலிம்பிக் அரையிறுதியில் கனடாவின் ஐந்து ஆட்டக்காரர்களையும் செக் கோல்கீப்பர் டொமினிக் ஹாஷெக் தடுத்தார். வெய்ன் கிரெட்ஸ்கியோ, அடிக்க அழைக்கப்படாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயரை வேடிக்கை பார்க்கவைத்துவிட்டு ஆட்டத்தைத் தீர்மானிக்கும் முறை அது.

இனி, நீங்கள் சரியாகத் தொட்ட இடம். முன்பெல்லாம் சமநிலைக்கு ஆளுக்கொரு புள்ளி. அதைக் காப்பாற்றிக்கொள்ள ஓவர்டைம் முழுக்க இரு அணிகளும் பதுங்கின. 1999-ல் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள்: ஓவர்டைமுக்குப் போய்விட்டாலே ஒரு புள்ளி உறுதி, வென்றால் இரண்டு. பதுங்கல் ஒழிந்ததா? இடம் மாறியது. இப்போது 60 நிமிட ஆட்டத்தின் மூன்றாவது, கடைசிப் பகுதியின் இறுதிப் பத்து நிமிடத்தில் பதுங்குகிறார்கள். காரணம் சின்னக் கணக்கு. 60 நிமிடத்தில் முடிந்த ஆட்டத்துக்கு மொத்தம் இரண்டு புள்ளி. நீண்ட ஆட்டத்துக்கு மூன்று. அந்த மூன்றாவது புள்ளி எங்கிருந்து முளைத்தது? எங்கிருந்தும் இல்லை. இரு அணிகளும் கூட்டாக உண்டாக்கிக்கொள்கின்றன. பிளே-ஆஃப் இடத்துக்கு ஒன்றோடொன்று போட்டியிடாத, வெவ்வேறு பிரிவைச் சேர்ந்த அணிகளென்றால் எதிராளிக்குப் போகும் புள்ளியால் நஷ்டம்கூட இல்லை.

சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பின் போட்டிகளில் இந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். 60 நிமிடத்தில் வென்றால் மூன்று, பிறகு வென்றால் இரண்டு, பிறகு தோற்றால் ஒன்று. எந்த ஆட்டமானாலும் கூட்டிப் பார்த்தால் மூன்றுதான். என்.எச்.எல். இதை அறியாமல் இல்லை. புள்ளிப் பட்டியல் நெருக்கமாகத் தெரிந்தால் எல்லா ஊர் ரசிகரும் கடைசி மாதம்வரை கனவு காணலாம், டிக்கெட் வாங்கலாம். நான் பார்க்கும் காரணம் அதுதான்.

இன்னொரு விதி உங்கள் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. லீக் ஓவர்டைமில் வென்றே தீருவதென்று கோல்கீப்பரை வெளியே எடுத்து நான்காவது ஆளை இறக்கும் அணி, காலி வலையில் கோல் வாங்கித் தோற்றால், கையிலிருந்த அந்த ஒரு புள்ளியும் போய்விடும். பத்திரமாக ஆடித் தோற்றவருக்குப் புள்ளி உண்டு. துணிந்து தோற்றவருக்குக் கிடையாது. ‘எந்த ஊர் நீதி’ என்பதை இதற்கு எடுத்து வைத்திருக்கலாம் நீங்கள்.