வரி ஏலத்தில் வீடு கிடைக்குமா?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஐயோவா மாநிலம் ஃபேர்ஃபீல்டில் எச்-1பி விசாவில் இருக்கிறான். கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஏலத்தில் வரிபாக்கியைக் கட்டினால் வீடே நம் பெயருக்கு வந்துவிடும் என்று ஒருவர் 3,000 டாலர் கேட்கிறார். ஊருக்கு வெளியே 5 ஏக்கரோடு ஒரு வீடும் காட்டுகிறார். பணம் அனுப்பலாமா? – ஒரு தாய், ஈரோடு

பதில்: அனுப்பாதீர்கள், அம்மா.

ஃபேர்ஃபீல்டு, ஜெஃபர்சன் கவுண்டியின் தலைநகர். சுமார் 9,400 பேர் வாழும் சின்ன ஊர். நம்மூரில் தாலுகா ஆபீசுக்கும் பத்திரப்பதிவு ஆபீசுக்கும் தனித்தனியாக அலைவோம். அங்கே பத்திரம், வரி எல்லாமே கவுண்டி வேலை. உங்கள் மகன் ஒரு மதிய இடைவேளையில் போய் விசாரித்துவிடலாம். இதற்கு எதற்கு இடையில் ஒரு ஆள்?

ஜூன் மாதம் மூன்றாம் திங்களன்று கவுண்டி பொருளாளர் அந்த ஏலத்தை நடத்துவார். அதில் வீட்டை விற்பதில்லை. வரிபாக்கியைக் கட்டுபவருக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும், அவ்வளவுதான். வீட்டுக்காரர் மாதம் 2 சதவீத வட்டியோடு பணத்தைக் கட்டி மீட்டுக்கொள்வார். சாதாரண ஏலத்தில் 1 வருடம் 9 மாதம் காத்திருந்து, அப்புறம் 90 நாள் நோட்டீஸ் கொடுத்து, அதற்கும் அவர் கட்டவில்லை என்றால்தான் பத்திரத்தைப் பற்றியே பேச முடியும். இதற்குப் போய் 'டேக்ஸ் சேல்', அதாவது வரி விற்பனை, என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பெயரை நம்பி ஏமாந்தவர்கள் எத்தனை பேர்! இன்னும் மாற்றவில்லை.

'குவிட்கிளெய்ம்' பத்திரம் எழுதித் தருகிறேன் என்றும் பணம் கேட்கும் அந்த ஆள் சொல்வார். தன்னிடம் இருக்கும் உரிமையைத் தருகிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். உரிமையே இல்லாதவரும் கையெழுத்துப் போடலாம்.

அந்த 5 ஏக்கர் வீடுதான் எனக்கு அதிகக் கவலை. ஊருக்குள் வீடு வாங்க உங்கள் மகனுக்குத் தடையில்லை. ஆனால் விவசாயத்துக்கு ஏற்ற நிலத்தை 'நான்ரெசிடென்ட் ஏலியன்', அதாவது அங்கே நிரந்தரவாசி அல்லாத வெளிநாட்டவர், வாங்கக் கூடாது என்பது ஐயோவா சட்டம். 'நான் ஆறு வருடமாக இங்கேதான் இருக்கிறேன், வருமான வரியும் ரெசிடென்ட் என்றுதானே கட்டுகிறேன்' என்பான் உங்கள் மகன். வருமான வரிக்கு அது சரி. நிலச் சட்டம் வேறு கணக்குப் பார்க்கிறது: கிரீன் கார்டு இருக்கிறதா? எச்-1பியில் எத்தனை வருடம் இருந்தாலும் அந்தக் கணக்கில் அவன் நான்ரெசிடென்ட்தான். ஒரே சொல்லுக்கு இரண்டு இடத்தில் இரண்டு அர்த்தம். தரகர்கள் இதை வாய்திறந்து சொல்வதே இல்லை.

ஊருக்குள் நல்ல வீடு அமைந்தால் 'அப்ஸ்ட்ராக்ட்' கேட்கச் சொல்லுங்கள். அந்த மனையின் கைமாற்றம், அடமானம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும், நம்மூர் மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் சேர்ந்த மாதிரி. அதை உள்ளூர் வக்கீல் படித்து எழுத்தில் கருத்துத் தர வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள்.

அந்த ஆள் மறுபடி போன் செய்தால் வீட்டின் பார்சல் நம்பரை (மனை எண்ணை) மட்டும் கேட்டு மகனுக்கு அனுப்புங்கள். யார் பெயரில் இருக்கிறது, வரி எவ்வளவு பாக்கி என்பதை அவனே கவுண்டி ஆபீசில் பார்த்துக்கொள்வான்.