கடைசி செமஸ்டர் வீட்டிலிருந்தே: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

வணக்கம். ஒரு கலை அறிவியல் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மார்ச்சில் கல்லூரிகளை மூடியதிலிருந்து தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் கடைசி ஆண்டுப் பிள்ளைகளைப் பற்றியே கேட்கிறார்கள். இப்போது 2020 செப்டம்பர் பாதி ஆகிவிட்டது, தேர்வும் வாசல் வரை வந்துவிட்டது. பாடம் சம்பந்தப்பட்டதைப் பிள்ளைகள் துறையில் கேட்டுக்கொள்ளட்டும். இங்கே அப்பா அம்மாக்கள் மட்டும் கேளுங்கள்.

திருவண்ணாமலையிலிருந்து ஓர் அப்பா: மேடம், பையன் பி.காம். கடைசி வருடம். "மத்த வருஷத்துக்கெல்லாம் ரத்து பண்ணிட்டாங்க, எங்களுக்கும் பண்ணிடுவாங்க" என்று சொல்லிப் புத்தகத்தையே தொடவில்லை. உண்மையில் ரத்தாக வாய்ப்பு இருக்கிறதா?

இல்லை சார். அந்தக் கதவு மூடியாகிவிட்டது. ஜூலை 6-ம் தேதி யுஜிசி, அதாவது மத்திய அரசின் பல்கலைக்கழக மானியக் குழு, தெளிவாகச் சொன்னது: கடைசி ஆண்டுக்குத் தேர்வு உண்டு, செப்டம்பர் முடிவதற்குள் நேரிலோ, ஆன்லைனிலோ, இரண்டும் கலந்தோ நடத்த வேண்டும். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள். ஆகஸ்ட் 28-ம் தேதி தீர்ப்பு வந்தது. கடைசி ஆண்டுத் தேர்வு இல்லாமல் மாநிலங்கள் பட்டம் கொடுக்க முடியாது, கொரோனா நிலைமையைக் காட்டி வேண்டுமானால் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கலாம், அவ்வளவுதான்.

பையனிடம் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஆரம்பிக்காதீர்கள். ஆறு மாதமாக அந்தப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பியும் நம்பாமலும் அலைந்திருக்கிறார்கள். தீர்ப்புச் செய்தியை எடுத்துக் கையில் கொடுங்கள், தேதி பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். தேதி கண்ணில் பட்டாலே பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள்.

ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா: மகள் கடைசி வருடம். பழைய அரியர் இரண்டு இருக்கிறது. தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் அரியர் எழுத வேண்டாம் என்று ஆகஸ்ட் 26-ம் தேதி முதல்வரே அறிவித்துவிட்டார். அவள் அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போடப் பார்க்கிறாள். போடலாமா?

போட விடாதீர்கள் அம்மா. இந்த ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன்.

அறிவிப்பு வந்தது உண்மை. பிள்ளைகள் சந்தோஷப்பட்டதிலும் தப்பில்லை. ஆனால் அதே ஜூலை 6 வழிகாட்டுதலில் யுஜிசி இன்னொன்றும் சொல்லியிருக்கிறது: கடைசி ஆண்டு மாணவருக்குப் பழைய அரியர் இருந்தால் அதையும் தேர்வு வைத்தே மதிப்பிட வேண்டும். இன்ஜினியரிங்கைப் பொறுத்தவரை, தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ ஏற்கெனவே ஆட்சேபம் தெரிவித்துவிட்டது. மாநில அரசு ஒன்று சொல்ல, மத்திய அமைப்புகள் வேறொன்று சொல்லும் இடத்தில் விஷயம் கடைசியில் நீதிமன்றத்துக்குத்தான் போகும். அங்கே என்ன ஆகும் என்பதை நம்பி ஒரு பிள்ளையின் பட்டத்தை வைக்கக் கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது மூன்று. அரியருக்குக் கட்டணம் கட்டிய ரசீது இருக்கிறதா பாருங்கள். ஆன்லைனில் கட்டியிருந்தால் அச்செடுத்து வையுங்கள். கல்லூரி இணையதளத்தில் அவள் பெயருக்கு நேரே அந்த இரண்டு பேப்பரும் இப்போது எப்படிக் காட்டுகிறது என்று ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், இப்போதைய தேர்வு முடிந்ததும் அந்த இரண்டு புத்தகத்தையும் ஒரு தடவை புரட்டச் சொல்லுங்கள். எழுத வேண்டாம் என்று ஆனால் நல்லது. எழுதச் சொன்னால் அன்றைக்குப் புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருக்காது.

விருதுநகர் பக்கம் கிராமத்திலிருந்து ஓர் அப்பா: வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதுவும் என்னுடையது. வீட்டுக்குள் சிக்னல் வராது, மொட்டை மாடிக்குப் போனால் கொஞ்சம் வரும். மகனுக்குக் கேமரா வைத்து நடத்தும் தேர்வாம். என்ன செய்வது?

சார், முதலில் டவுனில் யார் வீடு இருக்கிறது என்று யோசியுங்கள். சித்தப்பா, அத்தை, கூடப் படிக்கும் பையன், யாராக இருந்தாலும் சரி. இந்த மாதம் 1-ம் தேதியிலிருந்து மாநிலத்துக்குள் போக இ-பாஸ் தேவையில்லை, 7-ம் தேதியிலிருந்து மாவட்டம் விட்டு மாவட்டமும் பஸ் ஓடுகிறது. தேர்வு நாட்களுக்கு மட்டும் அங்கே அனுப்பிவிடுங்கள். உறவுக்காரர்களிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், இதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தேர்வு நேரத்தில் தனி அறை வேண்டும், யாரும் உள்ளே வரக் கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பின்னால் ஆள் நடமாடினால் கேமராவில் விழும்.

போக முடியாது, வீட்டில்தான் என்றால் மாதிரித் தேர்வு வைப்பார்களே, அதைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். அதை எழுதும்போதுதான் எந்த மூலையில் சிக்னல் நிற்கிறது, போன் சூடாகிறதா, சார்ஜ் எவ்வளவு இறங்குகிறது என்பதெல்லாம் தெரியும்.

பலர் மாட்டிக்கொள்வது போன் அழைப்பில்தான். பாதித் தேர்வில் ஒரு கால் வந்து திரை மாறிவிடும். இரண்டாவது போன் ஒன்றைக் கடன் வாங்குங்கள், சாதாரண ஸ்மார்ட்போன் போதும். அதில் சிம்மைப் போட்டு ஹாட்ஸ்பாட் ஆன் செய்யுங்கள். தேர்வு எழுதும் போனை ஃபிளைட் மோடில் போட்டு, வைஃபையை மட்டும் ஆன் செய்து அதோடு இணையுங்கள். கால் வராது, மெசேஜும் குறுக்கே விழாது. அன்றைக்கு மின்தடை அறிவிப்பு இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் மிக்ஸி, டிவி எதுவும் வேண்டாம். தம்பி தங்கை ஆன்லைன் வகுப்பில் இருந்தால் அவர்களும் நெட்டை விட்டுவிடட்டும்.

இவ்வளவும் செய்து தொடர்பு அறுந்துவிட்டால்? பதற வேண்டாம். திரையில் வரும் பிழைச் செய்தியை இன்னொரு போனில் படம் எடுங்கள். மணி எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே, பதிவெண் போட்டு, துறைத் தலைவருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் மெயில் போகட்டும். நான் இருந்த சீட்டில் இப்படி வந்த கடிதங்களைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்போம். ஒரு வாரம் கழித்து வெறும் வாயால் சொன்னால் எந்த அலுவலகமும் ஒன்றும் செய்ய முடியாது.

கடலூரிலிருந்து ஓர் அம்மா: எங்களுக்குக் கேமரா இல்லை. வீட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள்.

நல்லது. ஏ4 தாள் ஒரு கட்டு, கறுப்பு மை பேனா நாலு. ஒவ்வொரு பக்கத்திலும் பதிவெண்ணும் பக்க எண்ணும் எழுதிவிட்டுத்தான் விடை எழுத ஆரம்பிக்க வேண்டும். படம் எடுக்க ஜன்னல் ஓரப் பகல் வெளிச்சம் போதும், நிழல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கத்தையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, அனுப்பும் முன் திறந்து பக்கத்தை எண்ணச் சொல்லுங்கள். எழுதிய தாள்களை ரிசல்ட் வரும் வரை, ஏன், மார்க் ஷீட் கைக்கு வரும் வரை பத்திரமாக வையுங்கள். தபாலிலும் அனுப்பச் சொன்னால் ஸ்பீட் போஸ்ட் ரசீது முக்கியம்.

புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்பதால் படிக்கவே வேண்டாம் என்று நினைக்கிறார்கள். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாதவருக்கு நேரம் முழுக்கத் தேடுவதிலேயே போய்விடும்.

சென்னையிலிருந்து ஓர் அப்பா: எங்கள் தெருவில் பாசிட்டிவ் வந்துகொண்டே இருக்கிறது. தேர்வன்று மகளுக்கே காய்ச்சல் என்றால்?

உடம்புதான் முதலில். எந்தக் காரணத்தால் எழுத முடியாமல் போனாலும், பிறகு சிறப்புத் தேர்வு எழுத வாய்ப்பு தரலாம் என்று யுஜிசி வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. பரிசோதனை முடிவு, டாக்டர் சீட்டு இரண்டையும் அன்றைக்கே மெயிலில் அனுப்புங்கள். காய்ச்சலோடு உட்கார வைத்து எழுத வைக்காதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் அம்மா: மகனின் புத்தகம், லேப்டாப் எல்லாம் ஹாஸ்டல் அறையில் மாட்டிக்கொண்டன. மார்ச்சில் நாலு நாள் லீவு என்று நினைத்து ஒரு பையோடு வந்தான்.

இது ஊரெங்கும் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக விடுதிகளையே சென்னை மாநகராட்சி நோயாளிகளுக்காக எடுத்துக்கொண்டதே. பல கல்லூரிகளில் அறைகளைக் காலி செய்து பொருட்களை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். வார்டனுக்கு போன் செய்து, எந்த நாளில் யார் வரலாம் என்று கேட்டுவிட்டுப் போங்கள். போகும்போது ஒரேயடியாக பாக்கி எதுவும் இல்லை என்கிற நோ டியூஸ் கையெழுத்து, கட்டிய காஷன் டெபாசிட்டைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம் இரண்டையும் முடித்துக்கொண்டு வந்தால் இன்னொரு அலைச்சல் மிச்சம். புத்தகத்துக்கு இப்போதைக்கு நண்பனிடமிருந்து நோட்ஸ் படங்கள் வாங்கிவிடட்டும்.

சேலத்திலிருந்து ஓர் அம்மா: நாங்கள் இரண்டு பேரும் தறி ஓட்டுகிறோம். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என் மகள்தான். நீங்கள் சொல்கிற ஆன்லைன், பிடிஎஃப் எதுவும் எங்களுக்குப் புரியவில்லை. அவளுக்கு நாங்கள் என்ன செய்துவிட முடியும்?

நிறையச் செய்யலாம் அம்மா. பிடிஎஃப் அவளுக்குத் தெரியும், அதை அவள் பார்த்துக்கொள்வாள்.

கல்லூரி மூடிய நாளிலிருந்து வீட்டுக்கு வந்த பெண் பிள்ளைகள் பலர் மறுபடி வீட்டு வேலைக்குள் போய்விட்டார்கள். சமையல், தண்ணீர் பிடிப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது, தறிக்கு நூல் சுற்றுவது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. வீட்டில் இருக்கிறாளே என்று சொல்கிறோம், அவளும் செய்கிறாள். இந்த மூன்று வாரத்துக்கு அவளை எந்த வேலைக்கும் கூப்பிடாதீர்கள். காலை இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் அவளுடையது என்று வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். முக்கியமாக அவள் அப்பா சொல்லட்டும். தறிச் சத்தம் இல்லாத இடம் பக்கத்தில் எங்கே இருக்கிறது? பள்ளிக்கூட டீச்சர் வீடு, மாமா வீடு எதுவானாலும் கேட்டு வையுங்கள்.

இன்னொன்று. மாப்பிள்ளை பேச்சு இப்போது வேண்டாம். ஊரடங்கில் கல்யாணம் செலவில்லாமல் முடிந்துவிடும் என்று உறவில் யாராவது ஆரம்பிப்பார்கள். பட்டம் கையில் வரட்டும் என்று நீங்களே பதில் சொல்லிவிடுங்கள், அவளைச் சொல்ல வைக்காதீர்கள்.

கோவையிலிருந்து ஓர் அப்பா: கேம்பஸில் வேலை கிடைத்தது. ஜூனில் சேரச் சொன்னார்கள், இன்னும் அழைப்பு இல்லை. நாங்களே கம்பெனிக்குப் பேசலாமா?

நீங்கள் பேச வேண்டாம். பையன் மெயில் போடட்டும்: தேர்வு இந்த மாதம், முடிவு வந்ததும் அனுப்புகிறேன் என்று இரண்டு வரி. பிளேஸ்மென்ட் அதிகாரிக்கும் ஒரு நகல். கம்பெனி ஏதாவது சான்று கேட்டால் இப்போதைக்கு, இந்தக் கல்லூரி மாணவர்தான் என்கிற போனஃபைடு சான்றும் இதுவரை வந்த மார்க் ஷீட்டுகளும் போதுமா என்று கேட்கலாம். சேருவதற்கு முன்னாலேயே யாராவது பணம் கேட்டால் அது மோசடி. இந்தச் சமயத்தில் அப்படி நிறைய நடக்கிறது.

திருச்சியிலிருந்து ஓர் அம்மா: மகள் மூன்று வருடமாக ஃபேர்வெல்லுக்குப் புடவை பார்த்து வைத்திருந்தாள். அது போயிற்று. பட்டமளிப்பும் இருக்காது போலிருக்கிறது. ராத்திரி அழுகிறாள். "ஊரே செத்துக்கிட்டு இருக்கு, இதுக்கு ஒரு அழுகையா" என்று இவர் கத்திவிட்டார். இரண்டு பேரும் பேசுவதில்லை.

அம்மா, அவள் அழட்டும். அது புடவைக்கான அழுகை மட்டும் இல்லை. கூடப் படித்தவர்களிடம் போய்வருகிறேன் என்று சொல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ பஸ் ஏறி வந்துவிட்டாள். திரும்பப் போவோம் என்று நினைத்து வந்தவள். மூன்று வருடத்தை முடித்துக்கொள்ள ஒரு நாள் கூட அவளுக்குக் கிடைக்கவில்லை. வெளியே சாவு இருப்பதால் இந்த வருத்தம் இல்லாமல் போய்விடாது.

அவள் அப்பாவும் பயத்தில்தான் கத்தியிருப்பார். வருமானம், நோய், எல்லாம் தலைமேல் இருக்கும். அவரையே போய்ப் பேசச் சொல்லுங்கள். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்று ஒரு வாக்கியம் போதும், விளக்கம் வேண்டாம்.

பட்டமளிப்பைப் பொறுத்தவரை ஒரு தகவல். இணைவுக் கல்லூரிகளில் பெரும்பாலான பிள்ளைகள் பட்டம் வாங்குவது கல்லூரியில் நடக்கும் விழாவில்தான், அதுவும் படிப்பு முடிந்து மாதக்கணக்கில் கழித்து. ஆகவே அது தள்ளிப்போகலாமே தவிர, இல்லவே இல்லை என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம். நேரில் போகாமலே பட்டம் பெற விண்ணப்பம் கேட்டால், அவளைக் கேட்காமல் நிரப்பாதீர்கள். மேடை ஏறியே வாங்குவேன் என்று அவள் காத்திருக்க நினைக்கலாம்.

பெயர், ஊர் வேண்டாம் என்றவர்: மகன் அறையை விட்டு வருவதில்லை. சாப்பாடு பாதி அப்படியே திரும்புகிறது. "எழுதி என்ன ஆகப்போகுது" என்கிறான்.

இதைத் தேர்வுப் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். இன்றைக்கே அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள், படிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது; இருந்தால் வெளியே வரும். 104-க்கு போன் செய்தால் ஆலோசனை சொல்வார்கள், எந்த நேரமும். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாக விடாதீர்கள். இந்தத் தேர்வு போனால் சிறப்புத் தேர்வு இருக்கிறது என்று அவனுக்கும் சொல்லுங்கள், நீங்களும் நம்புங்கள். நாளைக்கு எனக்கு எழுதுங்கள்.

வேலூரிலிருந்து ஓர் அப்பா: "கொரோனா பேட்ச்" என்று பின்னால் மதிப்பில்லாமல் போய்விடுமா?

தேர்வு எழுதி வாங்கும் பட்டம் சார். அதற்காகத்தான் இவ்வளவு பாடு. இதைவிட, மார்க் ஷீட்டில் பெயர் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பத்தாம் வகுப்பில் இனிஷியல் முன்னால், கல்லூரியில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று விதமாக இருக்கும். பட்டச் சான்றிதழ் அச்சாகும் முன் ஒரு விண்ணப்பத்தில் திருத்திவிடலாம், அச்சான பிறகு அலைய வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் நகலை இணைத்து, இந்த வாரமே கல்லூரி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.